கொசுத் கவுண்டி விவசாயியின் மார்ச் மாத முடிவு: பிஎல்சியா, ஏஆர்சியா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள 99 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) பரப்பளவில் மிகப் பெரியது, வட எல்லையில் மின்னசோட்டாவை ஒட்டிக் கிடக்கும் கொசுத் கவுண்டி. சுமார் 970 சதுர மைல் பரப்பில் பெரிய ஊர் என்று சொல்லத்தக்கது தலைநகரான அல்கோனா ஒன்றுதான்; மற்றவை சிற்றூர்கள், அவற்றுக்கிடையே தொடுவானம் வரை மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. பனியாறுகள் விட்டுச்சென்ற கருமண்ணும், நீர் தேங்கும் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவந்த நிலத்தடி வடிகால் குழாய்களும் சேர்ந்து இந்த மண்ணை உலகின் வளமான வேளாண் நிலங்களுள் ஒன்றாக ஆக்கியிருக்கின்றன. இத்தகைய கவுண்டியில் பயிர் செய்பவர் ஒவ்வோர் ஆண்டும், பொதுவாக மார்ச் 15-க்குள், அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இயங்கும் எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் ஒரு தேர்வைப் பதிவு செய்ய வேண்டும். விலை வீழ்ச்சிக்கு ஈடுகட்டும் பிஎல்சி திட்டம் வேண்டுமா, வருவாய் வீழ்ச்சிக்கு ஈடுகட்டும் ஏஆர்சி திட்டம் வேண்டுமா என்பதே அந்தத் தேர்வு.

2025 பயிராண்டுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம், அந்த ஆண்டுக்கு மட்டும் இரண்டு திட்டங்களிலும் கணக்கிட்டு எது அதிகமோ அதை அரசே தரும் என்று விதித்தது. 2026 முதல் அந்தச் சலுகை இல்லை. தேர்ந்தெடுத்ததைக் கொண்டே அந்த ஆண்டைக் கடக்க வேண்டும். அதே சட்டம் குறிப்பு விலைகளையும் உத்தரவாத விகிதத்தையும் காப்பீட்டு மானியத்தையும் ஒருசேர மாற்றியதால், பத்தாண்டுகளாகப் பழகிய விதிகளின்படி கணக்குப் போட்டு முடிவெடுப்பது இப்போது பொருந்தாது.

இரண்டு திட்டங்களும் 2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் பிறந்தவை. அதற்கு முன்பு, விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், விதைத்தாலும் விதைக்காவிட்டாலும், ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் நேரடித் தொகையாக வழங்கப்பட்டு வந்தது. மக்காச்சோளம் புஷலுக்கு 6 டாலருக்கு மேல் விற்ற ஆண்டுகளிலும் அந்தப் பணம் போனதை மக்கள் ஏற்கவில்லை; நாடாளுமன்றம் அதை நிறுத்தி, இழப்பு நேர்ந்தால் மட்டுமே தொகை கிடைக்கும் இந்த இரு வழிகளைத் திறந்தது. (மக்காச்சோளத்தில் ஒரு புஷல் 56 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 25.4 கிலோ, சோயாவில் 60 பவுண்டு, அதாவது 27.2 கிலோ.)

இரண்டுக்கும் பொதுவான ஓர் அடித்தளத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. தொகை கணக்கிடப்படுவது இந்த ஆண்டு விதைத்த பயிரின் மீதன்று. பல ஆண்டுகளுக்கு முந்தைய சாகுபடியைக் கொண்டு அந்தப் பண்ணைக்கு ஒதுக்கப்பட்ட ‘அடிப்படை ஏக்கர்’ மீது. ஒரு பண்ணைக்கு 200 மக்காச்சோள அடிப்படை ஏக்கர் இருந்தால், இந்த ஆண்டு அதில் முழுவதும் சோயா விதைத்தாலும் மக்காச்சோளத்துக்கான தொகைதான் கிடைக்கும். அதிலும் 85 சதவீத ஏக்கருக்கு மட்டுமே தொகை. வரவுசெலவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அதிலிருந்து அண்மை ஆண்டுகளில் 5.7 சதவீதம் கழிக்கப்பட்டும் வருகிறது. நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டிருந்தால் தொகை முழுவதும் குத்தகைதாரருக்கு. பங்கு வாரத்துக்கு விட்டிருந்தால் விளைச்சலைப் பங்கிடும் அதே விகிதத்தில் இருவருக்கும்.

பிஎல்சி என்பது ‘பிரைஸ் லாஸ் கவரேஜ்’ என்பதன் சுருக்கம். சட்டம் ஒவ்வொரு பயிருக்கும் ஒரு குறிப்பு விலையை வைத்திருக்கிறது. 2014 முதல் மக்காச்சோளத்துக்கு 3.70 டாலராகவும் சோயாவுக்கு 8.40 டாலராகவும் இருந்த அந்த விலைகள், புதிய சட்டத்தால் 4.10 ஆகவும் 10.00 ஆகவும் உயர்ந்துள்ளன. கடந்த ஐந்தாண்டு விலைகளில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு எடுக்கும் சராசரியில் 88 சதவீதம் இதைவிட அதிகமாக இருந்தால், அந்த உயர்ந்த விலையே நடைமுறைக்கு வரும். ஆனால் சட்ட விலையின் 115 சதவீதத்தைத் தாண்டாது. 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் நல்ல விலைகள் சராசரியைத் தூக்கிப் பிடித்திருப்பதால், 2026 பயிராண்டுக்கு மக்காச்சோளத்தின் நடைமுறைக் குறிப்பு விலை ஏறத்தாழ 4.40 டாலர், சோயாவின் விலை ஏறத்தாழ 10.70 டாலர் என்று வருகிறது. சந்தை ஆண்டு (ஓர் அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரையிலான 12 மாதங்கள்) முழுவதுக்குமான நாட்டுச் சராசரி விலை இதற்குக் கீழே போனால், அந்த வித்தியாசத்தைப் பண்ணையின் பதிவான பிஎல்சி மகசூலால் பெருக்கித் தருகிறார்கள். விவசாயி தன் ஊர்க் கிடங்கில் என்ன விலைக்கு விற்றார், அவருடைய வயலில் என்ன விளைந்தது என்ற இரண்டும் இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

ஏஆர்சி என்பது ‘அக்ரிகல்சர் ரிஸ்க் கவரேஜ்’. அதில் பெரும்பாலோர் எடுப்பது கவுண்டி அளவிலான பிரிவு. கவுண்டியின் ஐந்தாண்டுச் சராசரி மகசூலை ஐந்தாண்டுச் சராசரி விலையால் பெருக்கினால் ஏக்கருக்கான அளவுகோல் வருவாய் கிடைக்கும். இந்தச் சராசரிகளிலும் உச்சமும் தாழ்வும் நீக்கப்படும். அந்த ஆண்டில் கவுண்டியின் உண்மையான வருவாய் இந்த அளவுகோலின் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், இறங்கிய தொகையை அரசு ஈடுசெய்யும். முன்பு இது 86 சதவீதமாக இருந்தது. ஆனால் ஈடுசெய்வதற்கு உச்சவரம்பு உண்டு: அளவுகோலில் 12 சதவீதம், முன்பு 10. தனிப் பண்ணையின் மகசூலையே கணக்கில் எடுக்கும் இன்னொரு ஏஆர்சி பிரிவும் இருக்கிறது. அதில் 65 சதவீத அடிப்படை ஏக்கருக்கு மட்டுமே தொகை கிடைக்கும், எல்லாப் பயிர்களையும் ஒன்றாகச் சேர்த்தே கணக்கிடுவார்கள் என்பதால், சீரான மகசூல் தரும் கொசுத் போன்ற கவுண்டியில் அதைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை.

எண்களை வைத்துப் பார்த்தால் இரண்டின் குணமும் தெளிவாகத் தெரியும். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு முழு எண்களாகக் கற்பனையாக வைத்துக்கொள்வோம்: மக்காச்சோளத்தில் கவுண்டியின் அளவுகோல் மகசூல் ஏக்கருக்கு 200 புஷல், அளவுகோல் விலை 5.00 டாலர், பண்ணையின் பிஎல்சி மகசூல் 160 புஷல், நடைமுறைக் குறிப்பு விலை 4.40 டாலர். அளவுகோல் வருவாய் 1,000 டாலர். ஏஆர்சியின் உத்தரவாதம் 900 டாலர். அது தரக்கூடிய உச்சத் தொகை 120 டாலர்.

மகசூல் வழக்கம்போல் 200 புஷலாகவே இருந்து, விலை மட்டும் 4.00 டாலருக்கு இறங்கினால், கவுண்டி வருவாய் 800 டாலர். ஏஆர்சி 100 டாலர் தரும், பிஎல்சி 40 சென்ட்டை 160-ஆல் பெருக்கி 64 டாலர் தரும். இதுவரை ஏஆர்சியே மேல். அதே 4.00 டாலர் விலையில் கவுண்டி 220 புஷல் விளைந்திருந்தால், வருவாய் 880 டாலர். ஏஆர்சியின் தொகை 20 டாலராகச் சுருங்கும், பிஎல்சியின் 64 டாலர் அப்படியே நிற்கும். 225 புஷல் விளைந்துவிட்டால் ஏஆர்சியில் ஒன்றுமில்லை. விலை 3.60 டாலருக்குச் சரிந்தால், வழக்கமான மகசூலில் ஏஆர்சி தன் உச்சமான 120 டாலரோடு நின்றுவிடும். பிஎல்சி 128 டாலர் தரும், விலை மேலும் சரிந்தால் மேலும் தரும். மறுபக்கம், கவுண்டி முழுவதும் மகசூல் 170 புஷலாகக் குறைந்து விலை 4.60 டாலராக இருந்தால், ஏஆர்சி 118 டாலர் தரும். பிஎல்சி ஒரு சென்ட்டும் தராது. (இவை அனைத்தையும் 0.85-ஆல் பெருக்கினால் அடிப்படை ஏக்கருக்கான தொகை வரும்.)

ஏஆர்சி சீக்கிரம் கைகொடுக்கிறது, ஆனால் விரைவில் கையை இழுத்துக்கொள்கிறது. பிஎல்சி தாமதமாக வருகிறது, ஆனால் பள்ளம் ஆழமானாலும் கூடவே இறங்கி வருகிறது. அயோவாவைப் பொறுத்தவரை இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நாட்டின் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு விளையும் பகுதியின் மையத்தில் இந்த மாநிலம் இருப்பதால், இங்கே அமோகமாக விளைந்த ஆண்டு பெரும்பாலும் நாடு முழுவதும் விளைந்த ஆண்டாகவே இருக்கும்; அதனாலேயே விலை விழும். விலை விழும் ஆண்டும் மகசூல் கூடும் ஆண்டும் ஒன்றாக வரும்போது, மேலே பார்த்த 220 புஷல் கணக்குதான் நடைமுறையாகிறது. ஏஆர்சி தர வேண்டிய நேரத்தில் கவுண்டியின் கூடுதல் விளைச்சல் அதை அடைத்துவிடுகிறது. மழை பொய்ப்பதும் பெய்வதும் நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போகாத விளிம்புநிலைக் கவுண்டிகளுக்கு இந்தக் குறை இல்லை. மையத்தில் இருப்பவர்களுக்கு உண்டு.

2014 முதல் நடந்ததைப் பார்த்தால் இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று என்பது விளங்கும். அப்போது தேர்வு ஆண்டுதோறும் அன்று, ஐந்தாண்டுகளுக்கு ஒரே முறை. நாட்டின் மக்காச்சோள அடிப்படை ஏக்கரில் 93 சதவீதமும் சோயாவில் 97 சதவீதமும் கவுண்டி ஏஆர்சிக்குப் போயின. 2010 முதல் 2013 வரையிலான உயர்ந்த விலைகள் சராசரியில் இருந்ததால், 2014-இல் மக்காச்சோளத்தின் அளவுகோல் விலை 5.29 டாலராக இருந்தது. சந்தை விலையோ 3.70. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் ஏஆர்சி பல கவுண்டிகளில் தாராளமாகத் தந்தது. பிஎல்சி 2014-இல் எதுவும் தரவில்லை, 2015-இல் 9 சென்ட் மட்டுமே. அதே வேளையில், 2014-இல் மிக நன்றாக விளைந்த கவுண்டிக்கு ஏஆர்சியில் குறைவாகவும், எல்லைக் கோட்டுக்கு அப்பால் சற்றுக் குறைவாக விளைந்த கவுண்டிக்கு மிகுதியாகவும் போனதால், சாலையின் இரு பக்கமும் நிலம் வைத்திருந்தவர்கள் வேறுபட்ட தொகைகளைப் பெற்றார்கள் என்ற மனக்குறை பரவலாக எழுந்தது. பிறகு உயர்ந்த விலைகள் ஒவ்வொன்றாகச் சராசரியிலிருந்து கழன்றன. 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் சந்தை விலை 3.36 டாலராக நின்றபோது பிஎல்சி புஷலுக்கு 34 சென்ட் தந்திருக்கும். ஏஆர்சியின் உத்தரவாதமோ 2017-இல் சந்தை விலையை நெருங்கி இறங்கிவிட்டது. சோயாவின் கதை வேறு: அந்த ஐந்தாண்டுகளில் ஒருமுறைகூட விலை 8.40-க்குக் கீழே போகவில்லை என்பதால், பிஎல்சி எடுத்திருந்தால் சோயாவுக்கு ஒன்றும் வந்திருக்காது.

விலைச்சரிவின் முதல் ஓரிரு ஆண்டுகள் ஏஆர்சிக்குரியவை. சரிவு நீடித்தால் பின்வரும் ஆண்டுகள் பிஎல்சிக்குரியவை. இதை இன்றைய நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு விலை 2022-இல் 6.54 டாலர்; 2023-இல் 4.55, 2024-இல் அதற்கும் கீழ். 2021-இன் 5.94 டாலர் இன்னும் சராசரிக்குள் இருப்பதால்தான் ஏஆர்சியின் அளவுகோல் 5 டாலரை ஒட்டி நிற்கிறது. அது கழன்ற பிறகு அளவுகோல் 4.10-ஐ நோக்கி இறங்கும். அதற்குக் கீழே போகாமல் குறிப்பு விலை தாங்கிப்பிடிக்கும் என்றாலும், 4.10-இல் 90 சதவீதம் 3.69 டாலர்தான். அந்த நிலையில் பிஎல்சி 4.10 டாலரிலேயே தரத் தொடங்கும், ஏஆர்சி 3.69 வரை காத்திருக்கும். ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை 2021 முதல் இருப்பதால் இது பயப்பட வேண்டிய பொறியன்று. ஆனால் தேர்வைப் புதுப்பிக்காமல் விட்டால் முந்தைய தேர்வே தொடரும் என்பதால், இன்று ஏஆர்சியில் பதிந்துவிட்டு மறந்துபோவது பின்னால் இழப்பைத் தரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இரண்டில் எது அதிகம் தரும் என்று மட்டும் கேட்பது தவறான இடத்தில் தொடங்குவதாகவே எனக்குப் படுகிறது. தொடங்க வேண்டிய இடம் பயிர்க் காப்பீடு. ஏனெனில், பிஎல்சியும் ஏஆர்சியும் ஓர் ஆண்டின் இடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2026-இல் விதைத்து அக்டோபரில் அறுத்த மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு 2027 ஆகஸ்டில் முடியும்; தொகை 2027 அக்டோபரில்தான் கைக்கு வரும். 2026 இலையுதிர்காலத்தில் கட்ட வேண்டிய பயிர்க்கடனுக்கோ, 2027 வசந்தத்தில் வாங்க வேண்டிய விதைக்கும் உரத்துக்கோ அந்தப் பணம் உதவாது. விவசாயியின் சொந்த மகசூலைக் கொண்டு தரும் காப்பீட்டு இழப்பீடு அறுவடை முடிந்த கையோடு வரும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவின் நடுப்பகுதியை அறைந்துபோன டெரெச்சோ புயல் இதற்குச் சான்று. பல கவுண்டிகளில் முற்றாத கதிரோடு மக்காச்சோளம் தரையோடு தரையாகச் சாய்ந்தது. ஆனால் அந்தச் சந்தை ஆண்டில் விலை ஏறி 4.53 டாலரில் முடிந்ததால், 3.70-க்குக் கீழே மட்டும் தரும் பிஎல்சியில் ஒன்றும் வரவில்லை. ஏஆர்சியின் அன்றைய 86 சதவீத உத்தரவாதம் 3.70 டாலரைக் கொண்டு கணக்கிடப்பட்டதால், கவுண்டியின் சராசரி மகசூல் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தால்தான் அது தொகை தரத் தொடங்கும். புயல் ஒரு கீற்றாகக் கடந்துபோன கவுண்டிகளில் சராசரி அவ்வளவு விழுவது அரிது. வயலில் இருந்ததை இழந்தவருக்கு உடனடியாகக் கைகொடுத்தது, வசந்தத்தில் அவர் பிரீமியம் கட்டி எடுத்திருந்த காப்பீடே.

அயோவாவில் பெரும்பாலோர் எடுப்பது ‘ரெவென்யூ புரொடெக்ஷன்’ என்ற வருவாய்க் காப்பீடு. பிப்ரவரியின் முன்பேர வணிக விலையையும் அறுவடைக்கால விலையையும் ஒப்பிட்டு, இரண்டில் கூடியதை விவசாயியின் சொந்த மகசூல் வரலாற்றோடு பெருக்கி உத்தரவாதம் தருவது அது. அதன் மேல் எஸ்சிஓ, இசிஓ என்ற கூடுதல் காப்பீடுகளைக் கவுண்டி அளவில் அடுக்கிக்கொள்ளலாம். 2025 வரை ஒரு நிபந்தனை இருந்தது: ஏஆர்சி எடுத்த ஏக்கருக்கு எஸ்சிஓ கிடையாது. புதிய சட்டம் 2026 முதல் அந்தத் தடையை நீக்கியதோடு, எஸ்சிஓ பிரீமியத்தில் அரசு செலுத்தும் பங்கை 65-லிருந்து 80 சதவீதமாக்கியது. இசிஓவுக்கும் அதே 80 சதவீதம் வந்திருக்கிறது. இனி ஏஆர்சியையும் எஸ்சிஓவையும் ஒருசேர எடுக்கலாம் என்பது பலருக்கு நற்செய்தி.

ஆனால் எடுக்கலாம் என்பதாலேயே எடுப்பது பொருத்தம் என்று ஆகிவிடாது. எஸ்சிஓவும் இசிஓவும் கவுண்டியின் மகசூல் குறைவையும், அந்த ஆண்டுக்குள் நேரும் விலைச்சரிவையும் ஏற்கெனவே மூடுகின்றன. ஏஆர்சியும் மூடுவது பெரும்பாலும் அதே பரப்பைத்தான். மூடப்படாமல் இருப்பது ஆண்டுக்கு ஆண்டு தொடரும் விலை வீழ்ச்சி: பிப்ரவரியில் காப்பீட்டு விலையே 3.80 டாலராக நிர்ணயிக்கப்பட்டால், அதற்குக் கீழே விழும் பகுதியைத்தான் காப்பீடு பார்க்கும், 4.40-லிருந்து 3.80 வரை போன பகுதியை அது பார்ப்பதே இல்லை. அந்த இடத்தை நிரப்புவது பிஎல்சி. ஆகவே எஸ்சிஓவோ இசிஓவோ எடுக்கத் தீர்மானித்திருப்பவர் அதன் மேல் ஏஆர்சியை வைப்பது கூரை வேய்ந்த இடத்திலேயே மறுபடியும் கீற்று வேய்வதாகும். கையிருப்புக் குறைவால் அந்தக் கூடுதல் பிரீமியத்தைக் கட்ட முடியாதவருக்கோ, பிரீமியமே இல்லாத ஏஆர்சி கவுண்டி மகசூலுக்கான இலவசக் காவலாக மதிப்புடையது. அவர் அதை எடுப்பதில் தவறில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது பண்ணையின் பிஎல்சி மகசூல். இது நிலத்தின் இன்றைய விளைச்சல் அன்று. பல பண்ணைகளில் பல பத்தாண்டுப் பழையது. 2014-இல் ஒருமுறையும் 2020-இல் ஒருமுறையும் அதைப் புதுப்பிக்க நிலவுடைமையாளர்களுக்கு வாய்ப்புத் தரப்பட்டது. 2020-இல் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் 2013 முதல் 2017 வரையிலான சராசரி மகசூலில் 81 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ள முடிந்தது. உரிமை நிலவுடைமையாளருக்குத்தான், குத்தகைதாரருக்கு இல்லை. அயோவாவின் வேளாண் நிலத்தில் பாதிக்கும் மேல் குத்தகையில் இருக்கிறது. உடைமையாளர்களில் பலர் வேறு மாநிலங்களில் வசிப்பவர்கள் அல்லது வயதானவர்கள். அவர்கள் கையெழுத்திடாமல் விட்ட பண்ணைகளில் பழைய எண்ணே நிற்கிறது. அதன் விளைவை இன்று உழுபவர் சுமக்கிறார். மேலே கண்ட 4.00 டாலர் எடுத்துக்காட்டில் பிஎல்சி மகசூல் 160-க்குப் பதிலாக 120 என்றால் தொகை 64-லிருந்து 48 டாலராகக் குறையும். 180 என்றால் 72 ஆகும். ஏஆர்சியின் உச்சமான 120 டாலரை பிஎல்சி எட்ட, முதல் பண்ணையில் விலை 3.40 டாலர் வரை விழ வேண்டும், இரண்டாவதில் 3.73 வரை விழுந்தால் போதும். எனவே, ஒரே விவசாயி உழும் இரண்டு பண்ணைகளுக்கு ஒரே விடை இருக்க வேண்டியதில்லை. எஃப்எஸ்ஏவில் ஒவ்வொரு பண்ணைக்கும் தனி எண் உண்டு. ஒவ்வொரு பண்ணையிலும் பயிர்வாரியாகத் தனித்தனித் தேர்வு செய்யலாம். இந்த உரிமையைப் பலர் பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுகிறார்கள்.

சோயாவுக்கு வந்தால், 2026-க்கு என் எண்ணம் ஏஆர்சியின் பக்கமே சாய்கிறது. சந்தை ஆண்டு விலைகள் 2020-இல் 10.80, 2021-இல் 13.30, 2022-இல் 14.20, 2023-இல் 12.40 டாலர் என்று இருந்ததால் அளவுகோல் விலை 12 டாலரைத் தாண்டி நிற்கிறது. அதில் 90 சதவீதம் ஏறத்தாழ 10.95. பிஎல்சி தொடங்கும் 10.70-ஐ விட இது அதிகம். ஏஆர்சியின் உச்சத் தொகை புஷலுக்கு 1.46 டாலர் அளவுக்கு இருப்பதால், விலை 9.50 வரை போனாலும் அது முழுவதும் கூடவே இறங்கும். கவுண்டி மகசூல் 60 புஷலும் பிஎல்சி மகசூல் 48 புஷலும் இருக்கும் பண்ணையில், விலை 9 டாலருக்கும் கீழே விழுந்தால்தான் பிஎல்சி ஏஆர்சியை முந்தும். சீனா கொள்முதலை நிறுத்தினால் விலை என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு சோயா 8.48 டாலருக்கு இறங்கியது. அத்தகைய வர்த்தக மோதலுக்கு அஞ்சுபவர் சோயாவிலும் சில பண்ணைகளைப் பிஎல்சியில் வைப்பதை நான் மறுக்க மாட்டேன்.

2018-க்குப் பிறகு நிலைமையைக் குழப்பும் மூன்றாவது பணம் ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது. வர்த்தக மோதலுக்கு ஈடாக 2018-இல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலரும் மக்காச்சோளத்துக்கு 1 சென்ட்டும் தரப்பட்டன. 2019-இல் கவுண்டிவாரியாக ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை வழங்கப்பட்டது. 2024 பயிருக்காக 2025-இல் மக்காச்சோள ஏக்கருக்கு 42.91 டாலரும் சோயா ஏக்கருக்கு 29.76 டாலரும் வந்தன. இவை அடிப்படை ஏக்கரைப் பார்க்காமல், 2018-இல் அறுவடையான விளைச்சலையும் பிறகு விதைத்த ஏக்கரையும் கொண்டு கணக்கிடப்பட்டவை. மார்ச் மாதத் தேர்வு எதுவாக இருந்தாலும் இவை மாறியிருக்காது. இடர் வரும்போதெல்லாம் வாஷிங்டன் காசோலை அனுப்பும் என்று நம்பிக் காப்பீட்டைக் குறைத்துக்கொள்வோரைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. அந்தப் பணம் எப்போது வரும், எந்தப் பயிருக்கு வரும் என்பதை வங்கியிடம் எந்த விவசாயியும் எழுதிக் கொடுக்க முடியாது.

நிலத்தை உழாமல் விடுவதற்கும் அரசு பணம் தருகிறது. 1985-இல் தொடங்கிய சிஆர்பி திட்டத்தில் 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் புல்லோ மரமோ வளர்க்க ஒப்பந்தம் செய்துகொண்டால் ஆண்டு வாடகை கிடைக்கும். ஆனால் பொதுப் பதிவில் அந்த வாடகை கவுண்டி சராசரியில் 85 சதவீதத்துக்குள் அடக்கப்பட்டுள்ளது. ஒரு நபருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்ற வரம்பும் உண்டு. அயோவாவின் சராசரி ரொக்கக் குத்தகை 2024-இல் ஏக்கருக்கு 279 டாலர் என்ற நிலையில், கொசுத்தின் நல்ல கருமண்ணை யாரும் அதற்குக் கொடுக்கப்போவதில்லை, கொடுக்கவும் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டு நீர் நின்று பயிர் அழுகும் பள்ளங்களும், ஓடைக் கரைகளும் வேறு. அங்கே போடும் உரம் வடிகால் குழாய் வழியாகக் கீழே ஓடும் ஆற்றில் நைட்ரேட்டாகச் சேர்கிறது. அந்த மாநில மக்களின் குடிநீரை அது பாதிக்கிறது. அத்தகைய துண்டுகளைச் சிஆர்பியில் வைப்பது கணக்குப்படியும் நியாயப்படியும் சரி. ஆனால் பண்ணையின் அடிப்படை ஏக்கரும் சிஆர்பி ஏக்கரும் சேர்ந்து மொத்தச் சாகுபடி நிலத்தைத் தாண்டக்கூடாது என்பதால், முழு அடிப்படை உள்ள பண்ணையில் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்த அளவுக்கு அடிப்படை ஏக்கரைக் குறைத்துக்கொள்ள வேண்டிவரும். கையெழுத்திடும் முன் அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பெரிய பண்ணைகளுக்கு உச்சவரம்பு ஒன்று உண்டு. இரு திட்டங்களிலும் சேர்த்து ஒருவர் பெறக்கூடியது 125,000 டாலரிலிருந்து 155,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. மேலே கண்ட 3.60 டாலர் எடுத்துக்காட்டில், அடிப்படை ஏக்கருக்கு ஏஆர்சி 102 டாலரும் பிஎல்சி ஏறத்தாழ 109 டாலரும் தருவதால், சுமார் 1,500 ஏக்கரை நெருங்கும்போது இரண்டுமே வரம்பில் முட்டும். அதற்கு மேல் எதைத் தேர்ந்தாலும் வித்தியாசம் இல்லை. கூட்டாண்மையாகப் பதிந்துகொண்டு பங்குதாரர் ஒவ்வொருவரும் தனி வரம்பு பெறும் வழி பெரியவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. 300 ஏக்கர் வைத்திருப்பவருக்கோ ஏக்கருக்கு 30 டாலர் வித்தியாசமே பெரிய தொகை. ஆகவே இந்தத் தேர்வை நிதானமாகச் செய்ய வேண்டிய தேவை சிறிய விவசாயிக்கே அதிகம். கணக்கர் வைத்துக்கொள்ள வசதி குறைந்தவரும் அவரே என்பதால், மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறை இலவசமாகத் தரும் கணக்கீட்டுத் தாள்களைப் பயன்படுத்திக்கொள்வது அவசியம்.

கொசுத் கவுண்டியில் 2026-க்கு முடிவெடுப்பவருக்கு என் பரிந்துரை இது. முதலில் வருவாய்க் காப்பீட்டின் அளவையும், எஸ்சிஓ, இசிஓ எடுப்பதா என்பதையும் காப்பீட்டு முகவரோடு பேசி முடிக்க வேண்டும். அதற்கும் கடைசி நாள் மார்ச் 15 என்பதால், பிப்ரவரியிலேயே உட்கார வேண்டும். பிறகு எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் ஒவ்வொரு பண்ணை எண்ணுக்கும் அடிப்படை ஏக்கர், பிஎல்சி மகசூல் இரண்டையும் அச்சிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூடுதல் காப்பீடு எடுத்தவர், மக்காச்சோளத்தில் பிஎல்சி மகசூல் புதுப்பிக்கப்பட்ட பண்ணைகளைப் பிஎல்சியிலும், பழைய எண்ணோடு நிற்கும் பண்ணைகளை ஏஆர்சியிலும் வைக்கலாம். எடுக்காதவர் மக்காச்சோளம் முழுவதற்கும் ஏஆர்சியை வைத்துக்கொள்ளலாம். சோயாவை இந்த ஆண்டு ஏஆர்சியில் வைத்து, 2021-இன் 13.30 டாலர் சராசரியிலிருந்து கழலும் ஆண்டில் மறுபடியும் கணக்குப் போட வேண்டும். தேர்வு செய்வது வேறு, அந்த ஆண்டுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வு தொடர்ந்தாலும் பதிவு ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்தாக வேண்டும், விட்டுப்போனால் அந்த ஆண்டுக்கான தொகை கிடைக்காது. வாரத்துக்கு விட்ட நிலத்தில், அந்தப் பண்ணையின் பயிரில் பங்குள்ள எல்லோரும் ஒரே தேர்வுக்கு உடன்பட்டால்தான் மாற்றம் செல்லும். அதனால், வெளிமாநிலத்தில் இருக்கும் பங்குதாரருக்கு எண்களை விளக்கி அவருடைய கையெழுத்தை வாங்கும் வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.